கணக்குத் தெரிந்தவர்களும் கடனில் சிக்குவது ஏன்?

2009-இல் வெளிவந்த ‘கன்ஃபெஷன்ஸ் ஆஃப் எ ஷாப்பஹாலிக்’ என்ற ஹாலிவுட் காதல் நகைச்சுவைப் படத்தின் நாயகி, நியூயார்க்கில் நிதிப் பத்திரிகை ஒன்றில் சேமிப்பைப் பற்றி எழுதிப் புகழ் பெறுகிறாள். அதே நேரத்தில், வாங்கிக் குவித்த உடைகளுக்கான பாக்கியைக் கேட்டுத் துரத்தும் வசூலாளரிடமிருந்து ஓடி ஒளிகிறாள். மதுரையில் மனநல ஆலோசகராகப் பணிபுரியும் எனக்கு இக்கதை மிகையாகத் தோன்றவில்லை. காப்பீட்டுக்கும் சேமிப்புக்கும் பிறருக்கு வழிகாட்டுபவர்களே, பிரிக்காத துணிப் பைகளைப் பீரோவில் ஒளித்துவைத்துவிட்டு என்னைத் தேடி வருகிறார்கள். அவர்களில் ஆண்களும் உண்டு.

இவர்களுக்குக் கணக்கு நன்றாகவே தெரியும். கிரெடிட் கார்டில் 50,000 ரூபாய் பாக்கி இருந்து, மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் 1,750 ரூபாயும், அதன்மீது 18 சதவீத ஜிஎஸ்டியாக 315 ரூபாயும் சேரும். 2,500 ரூபாய் மட்டும் கட்டினால் அசலில் கழிவது 435 ரூபாய்தான் என்று அவர்களே விளக்குவார்கள். ஆனால் மனம் சோர்ந்த மாலையில், மதுரை விளக்குத்தூண் பகுதித் துணிக்கடைகளிலோ கைபேசியிலோ ஒன்றை வாங்கும்போது கிடைக்கும் ஆறுதல் அந்தக் கணக்கைவிட வலியது. வீடு வந்ததும் அது குற்ற உணர்வாகிறது. அதைத் தணிக்க மறுபடியும் வாங்கத் தோன்றுகிறது. ஜெர்மானிய மனநல மருத்துவர் எமில் கிரேப்லின் 1915-லேயே விவரித்த நிலை இது.

ஆடித் தள்ளுபடியில் இரண்டு சேலை கூடுதலாக எடுப்பது நோயன்று. விலையைக் குறைத்துச் சொல்வதும், ரசீதைக் கிழித்துப்போடுவதும், வாங்கியதைத் தொடாமலே அடுத்ததைத் தேடுவதும் தொடர்ந்தால் கவனிக்க வேண்டும்.

படத்தில் நாயகி தன் உடைகளை விற்றுக் கடனை அடைத்துவிடுகிறாள். நடைமுறையில் கடனை மட்டும் அடைப்பதைக் கண்டுதான் நான் அஞ்சுகிறேன், ஏனெனில் வீட்டு நகையை அடகுவைத்துப் பாக்கியைத் தீர்த்ததும் கார்டின் வரம்பு மீண்டும் திறந்துகொள்கிறது. நம்பிக்கையான ஒருவரிடம் முழுத் தொகையையும் சொல்வது, கார்டை முறைப்படி மூடுவது, மனச்சோர்வு இருக்கிறதா என்று பரிசோதிப்பது, சிந்தனைப் போக்கையும் பழக்கத்தையும் மாற்றும் சிகிச்சையைத் தொடர்வது ஆகியவை சேர்ந்தே நடக்க வேண்டும். வீட்டார் திட்டினால் ஒளிவுமறைவுதான் கூடும்.

மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். நேரில் வரத் தயங்குவோர் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவை) எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.