நேற்று எடுத்த ஸ்கேனை இன்று ஏன் மறுபடி எடுக்கிறார்கள்?

சேலத்தில் ஸ்கேன் மெஷினுக்குப் பஞ்சமில்லை. ஐந்து ரோட்டைச் சுற்றி ஒரு நடை போனாலே எத்தனை ஸ்கேன் சென்டர் பலகைகள் கண்ணில் படுகின்றன என்று பாருங்கள். அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் சி.டி., எம்.ஆர்.ஐ. இரண்டும் உண்டு. தர்மபுரி, நாமக்கல், கள்ளக்குறிச்சி பக்கமிருந்தெல்லாம் ஜனங்கள் இங்கேதான் வருகிறார்கள். அப்படியிருந்தும், நேற்று ஓர் இடத்தில் எடுத்த அதே ஸ்கேனை இன்று இன்னோர் இடத்தில் மறுபடி எடுப்பது சர்வசாதாரணமாக நடக்கிறது. ஒரு மருத்துவமனையில் எடுத்த படம் அடுத்த மருத்துவமனைக்கு ஒழுங்காகப் போய்ச் சேருவதில்லை என்பதுதான் இதற்கு முதல் காரணம். ஸ்கேன் படிப்பதையே தொழிலாகக் கொண்ட ரேடியாலஜிஸ்ட் என்ற முறையில் என் மனதை மிகவும் உறுத்துகிற விஷயம் இது.

உதாரணத்துக்கு ஏற்காட்டை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள எஸ்டேட்டுகளில் காபிச் செடிக்கு நிழல் தருவதற்காக நட்டிருக்கும் சில்வர் ஓக் மரங்களில்தான் மிளகுக் கொடியை ஏற்றிவிட்டிருப்பார்கள். பறிக்கிற பருவத்தில் ஏணியைச் சாய்த்து உயரத்துக்கு ஏறிப் பறிக்க வேண்டும். கால் வழுக்கினால் இடுப்பெலும்போ முதுகெலும்போ தலையோ, எது அடிபடும் என்று சொல்ல முடியாது. அங்கிருந்து சேலத்துக்கு 30 கிலோமீட்டர், வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மழைக்காலத்தில் மண் சரிந்து அந்தப் பாதை அடைபட்டால் குப்பனூர் வழியாகச் சுற்றிக்கொண்டு இறங்க வேண்டும்.

அப்படி விழுந்து தலையில் அடிபட்ட ஒருவரை வழியில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே சி.டி. எடுக்கிறார்கள். மூளை அறுவை சிகிச்சை நிபுணர் அங்கே இல்லை, வேறு இடத்துக்கு அனுப்புகிறார்கள். அடுத்த மருத்துவமனைக்கு வரும்போது கூட வந்த மனைவியின் கையில் ஒரு மஞ்சப்பை. அதற்குள் இரண்டாக மடித்த ஃபிலிம். ரிப்போர்ட் இல்லை, “காலையில வந்து வாங்கிக்கச் சொன்னாங்க”. இங்கிருக்கும் டாக்டர் ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “சரிம்மா, இன்னொரு தடவை எடுத்துடலாம்” என்கிறார். “ஏனுங்க டாக்டர், ராத்திரிதானுங்க எடுத்தாங்க? கடன் வாங்கிக் கட்டினோமுங்க” என்கிறார் அந்த அம்மா. இந்த உரையாடலை, ஆளும் ஊரும் மாறி மாறி, திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

அந்த டாக்டரைக் குறை சொல்லவும் முடியாது. ஃபிலிமில் இருப்பது முழு ஸ்கேன் அல்ல. சி.டி. மெஷின் ஒவ்வொரு புள்ளியின் அடர்த்தியையும் ஓர் எண்ணாகப் பதிவு செய்கிறது. ஹௌன்ஸ்ஃபீல்ட் அலகு என்று பெயர். தண்ணீருக்குப் பூஜ்யம், காற்றுக்கு மைனஸ் 1000, உறைந்த புது ரத்தத்துக்கு 50 முதல் 70 வாக்கில், கெட்டியான எலும்புக்கு ஆயிரமும் அதற்கு மேலும். இவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் கண்ணால் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. அதனால் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை திரையில் காட்ட வேண்டும் என்பதை, மூளைக்கு ஓர் அளவு, எலும்புக்கு ஓர் அளவு என்று கம்ப்யூட்டரில் மாற்றி மாற்றிப் பார்ப்போம். மண்டையோட்டை ஒட்டி மெலிதாகத் தேங்கியிருக்கும் ரத்தம் மூளை அளவில் எலும்போடு சேர்ந்து வெள்ளையாகத் தெரிந்து கண்ணுக்குத் தப்பிவிடும். அளவைக் கொஞ்சம் விரித்தால் தனியாகத் தெரியும். ஃபிலிமில் அச்சான பிறகு அந்த வித்தை நடக்காது. அச்சிடுவதும் 5 மில்லிமீட்டர் தடிமனில் தேர்ந்தெடுத்த சில படங்களைத்தான். மெஷினுக்குள் மெல்லிய படங்கள் நூற்றுக்கணக்கில் கிடக்கும்.

போதாக்குறைக்கு, இன்று பல இடங்களில் தருவது வெப்பத்தால் அச்சாகும் ஃபிலிம். வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்தால் கறுத்துப்போகும். மடித்தால் மடிப்பு விழுந்த இடத்தில் எலும்பு முறிவு மாதிரி கோடு தெரியும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டோமே என்பார்கள். அவசரத்தில், ஒன்றும் இல்லாததற்கு அது மேல்தான். ஆனால் திரையைப் போனில் படமெடுத்து அனுப்பினால், ஆயிரக்கணக்கான சாம்பல் நிறப் படிகள் 256 ஆகச் சுருங்கிவிடும், அனுப்பும் வழியில் மேலும் நசுங்கும். பெரிய ரத்தக்கட்டி தெரியும், சின்னது தெரியாது. அதோடு நோயாளியின் பெயர், வயது எல்லாம் மூலையில் அப்படியே இருக்க, யார் யாரோ இருக்கும் குழுவில் போய் விழுகிறது. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. சட்டத்தை விடுங்கள், நம் வீட்டுப் பெண்ணின் ஸ்கேன் அப்படிச் சுற்றினால் நாம் பொறுப்போமா?

இதற்கெல்லாம் தீர்வு புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. எந்தக் கம்பெனி மெஷினாக இருந்தாலும் படத்தை டைகாம் என்ற ஒரே வடிவத்தில்தான் சேமிக்கிறது. அந்தப் பெயரில் அது வந்தது 1993-இல். ஒரு மெஷினில் எடுத்ததை இன்னொரு மருத்துவமனைக் கம்ப்யூட்டரில் அப்படியே திறந்து, அளவை மாற்றி, குறுக்கிலும் நெடுக்கிலும் வெட்டிப் பார்க்கலாம். ஒரு சி.டி. படம் அரை எம்.பி. இருக்கும், இருநூறு படங்கள் என்றால் 100 எம்.பி. வீட்டுக்கு வீடு ஃபைபர் இணைப்பு வந்துவிட்ட ஊரில் இது சில நிமிட வேலை. ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள் படம் சேலத்து டாக்டரின் திரையில் வந்துவிடும். ஆளுக்கு முன்னால் படம் வந்து சேர வேண்டும், நான் கேட்பது இவ்வளவுதான்.

பக்கவாதத்தில் இதன் அருமை இன்னும் நன்றாகப் புரியும். ரத்தக்குழாய் அடைப்பால் வந்த பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். போடுவதற்கு முன் மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று சி.டி.யில் பார்த்தாக வேண்டும், ஏனென்றால் கசிவு இருந்தால் அதே ஊசி ஆளைக் கொன்றுவிடலாம். ஆத்தூர், எடப்பாடி, மேட்டூர் பக்கத்தில் ஒருவருக்கு வாய் கோணுகிறது, கை விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அங்கேயே சி.டி. எடுத்து, உடனே படத்தைச் சேலத்துக்கு அனுப்பி, இங்கே பார்த்துச் சொன்னால், வசதி இருக்குமிடத்தில் ஊசியை அங்கேயே தொடங்கிவிட்டு அனுப்பலாம். படம் கூடவே வராமல் ஆள் மட்டும் வந்தால், திரும்ப வரிசை, திரும்ப ஸ்கேன், திரும்ப ரிப்போர்ட். அந்த நேரத்தை எந்தப் பணம் கொடுத்தும் வாங்க முடியாது.

படம் பயணம் செய்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. எடுத்த விதமும் சரியாக இருக்க வேண்டும். கல்லீரலில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க, படத்தில் வித்தியாசம் தெளிவாகத் தெரிவதற்கான மருந்து ஊசி போட்டு, வெவ்வேறு நேரக் கட்டங்களில் படம் எடுக்க வேண்டும். ஒரே கட்டத்தில் எடுத்த ஸ்கேனை வைத்துக்கொண்டு ‘இது என்ன கட்டி’ என்று கேட்டால் எப்பேர்ப்பட்ட நிபுணரும் கையைப் பிசைவார். இதை டெக்னீஷியன் தலையில் கட்டுவது நியாயமில்லை. அவரிடம் வந்த சீட்டில் ‘வயிற்று வலி’ என்று மட்டும் எழுதியிருந்தால் அவர் என்ன செய்வார்? ஸ்கேன் கேட்கும் டாக்டர், எதைத் தேடுகிறோம் என்று ஒரு வரி கூடுதலாக எழுதினாலே பாதி மறு ஸ்கேன் குறையும் என்பது என் அனுபவம். ஊரிலுள்ள மருத்துவமனைகள் உட்கார்ந்து பேசி, தலைக்காயத்துக்கு இப்படி, கல்லீரலுக்கு இப்படி, சிறுநீரகக் கல்லுக்கு இப்படி என்று ஒரே முறையை வைத்துக்கொள்ளலாம். மாதம் ஒரு முறை டெக்னீஷியன்களும் ரேடியாலஜிஸ்ட்டுகளும் கூடி, யார் தவறவிட்டார் என்று தேடாமல் எது தவறவிடப்பட்டது என்று மட்டும் பார்க்கலாம்.

இரவு நேரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு ஸ்கேன் எடுக்க ஆள் இருப்பார், படிக்க ஆள் இருக்க மாட்டார். ஒவ்வொரு சின்ன மருத்துவமனையும் தனித்தனியாக இரவு ரேடியாலஜிஸ்ட் வைத்துக்கொள்வது கட்டுப்படியாகாது. நாலைந்து மருத்துவமனைகள் சேர்ந்து முறை வைத்தால் ஒருவர் போதும், வீட்டிலிருந்தே பார்க்கலாம். உயிருக்கு ஆபத்தான எதையாவது கண்டால் ரிப்போர்ட் தட்டச்சு ஆகும்வரை காத்திருக்காமல் போன் செய்து சொல்ல வேண்டும். அதேபோல, ஒருவர் மெஷினில் எக்ஸ்ரே டியூப் போய்விட்டால் புது டியூப் வந்து பொருத்தும்வரை நோயாளிகளைப் பக்கத்து மருத்துவமனை அதே கட்டணத்தில் எடுத்துக்கொள்வது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம்.

அரசும் தனியாரும் எப்படிச் சேர்வார்கள் என்று சந்தேகப்படுகிறவர்கள், 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48’ திட்டத்தைப் பார்க்கட்டும். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைப் பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகள் இரண்டும் இலவசமாகக் கொடுக்கின்றன. சிகிச்சையில் சேர முடிந்தவர்கள் படத்திலும் சேரலாம்.

சேரவிடாமல் தடுப்பது எது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கமிஷன். ஸ்கேனுக்கு அனுப்புகிறவருக்கு ஒரு பங்கு போகும் இடத்தில், பழைய ஸ்கேனைப் பார்த்துவிட்டு ‘இதுவே போதும்’ என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? 2002-ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிமுறைகள் கமிஷன் கொடுப்பதையும் வாங்குவதையும் தெளிவாகத் தடை செய்கின்றன. நேர்மையாக நடக்கும் டாக்டர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்கள்தான் இதை வாய்விட்டுப் பேச வேண்டும்.

மலைக்கு மெஷினைக் கொண்டுபோவது பற்றியும் ஒரு கேள்வி வரும். கையடக்க அல்ட்ராசவுண்ட் மெஷினை ஜீப்பில் ஏற்றி ஊர் ஊராகப் போகலாமே என்று நல்ல மனதோடு கேட்கிறார்கள். 1994-ஆம் ஆண்டின் கருவின் பாலினம் கண்டறிதல் தடைச் சட்டப்படி, பதிவு செய்த இடத்தைவிட்டு மெஷினை வெளியே கொண்டுபோக முடியாது. முறையாகப் பதிவு பெற்ற நடமாடும் மருத்துவ ஊர்திக்கு மட்டும் வழி உண்டு. பெண் சிசுக்கொலையைத் தடுக்க வந்த தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் முதன்முதலில் தொடங்கப்பட்டது நம் சேலத்தில்தான். ஏன் இங்கே தொடங்க வேண்டியிருந்தது என்பதை மறக்காதவர்கள் இந்தக் கட்டுப்பாட்டைக் குறை சொல்ல மாட்டார்கள். மலைமேல் வேண்டியது நல்ல எக்ஸ்ரே, அதை உடனே கீழே அனுப்பும் இணைப்பு, அப்புறம் எதை எடுக்காமல் அனுப்ப வேண்டும் என்ற தெளிவு. மயக்கத்தில் இருக்கும் தலைக்காயக்காரருக்கு மண்டை எக்ஸ்ரே எடுத்து அரை மணி நேரம் செலவழிப்பதால் பயனில்லை, எப்படியும் சி.டி. வேண்டும். கழுத்துக்குப் பட்டை போட்டு, பலகையில் கிடத்தி அனுப்பிவிடுவதே மேல். முதுகில் அடிபட்டவரை எக்ஸ்ரேவுக்காக எழுப்பி உட்கார வைக்கவே கூடாது.

மறுபடி எடுக்கும் எல்லா ஸ்கேனும் வீண் என்று நினைத்துவிடாதீர்கள். மூளையில் கசியும் ரத்தம் சில மணி நேரத்தில் பெருகலாம், அதைப் பார்க்க மறு சி.டி. கட்டாயம் வேண்டும். தலை சி.டி. ஒன்றில் கிடைக்கும் கதிர்வீச்சு சுமார் 2 மில்லி சீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாகவே மனிதருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லி சீவர்ட் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆகவே தேவையான ஸ்கேனுக்குப் பயப்பட வேண்டாம். வயிற்று சி.டி.யில் இது 7, 8 வரை போகும், பல கட்டமாக எடுத்தால் இன்னும் கூடும். குழந்தைகளுக்குப் பாதிப்பு அதிகம். மருந்து ஊசி போட்டு எடுப்பதை அடுத்தடுத்துச் செய்தால், ஏற்கெனவே பழுதான சிறுநீரகத்துக்குக் கூடுதல் சுமை. ‘ஏன் மறுபடி?’ என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. காரணம் இருந்தால் டாக்டர் சொல்வார்.

மருத்துவமனைகள் சேரும்வரை நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஸ்கேன் எடுத்த இடத்தில் ஃபிலிமோடு விடாமல், முழு ஸ்கேனும் டைகாம் வடிவில் இருக்கும் குறுந்தகடோ இணைப்போ கேளுங்கள். “மெல்லிய படங்களும் சேர்த்துப் போடுங்க” என்று சொல்லுங்கள். கிளம்பும் முன் அங்கேயே ஒரு தடவை திறந்து காட்டச் சொல்லி, பெயரும் தேதியும் சரியா என்று பாருங்கள், காலித் தகடு வாங்கிக்கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நுரையீரலில் சின்ன முடிச்சு என்று சொன்னவர்கள் பழைய ஸ்கேனைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இரண்டு வருஷமாக அது வளரவில்லை என்று பழைய படம் காட்டினால், பெரும்பாலும் ஊசி குத்திச் சதை எடுக்கும் பேச்சே வராது. தகடு பழசானால் படிக்காது, அதனால் வீட்டில் காலேஜ் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் அதைப் பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.