வண்டியைப் பார்க்கலாமா என்று காவலர் கேட்டால்

அமெரிக்காவில் வழக்கறிஞரான என்னிடம் ஆலோசனைக்கு வந்த மென்பொருள் பொறியாளர் ஒருவரின் கார், பின்விளக்கு எரியாததற்காக ஓர் இரவில் நிறுத்தப்பட்டது. எச்சரிக்கைச் சீட்டைக் கொடுத்த காவலர், கிளம்பும் நேரத்தில், வண்டிக்குள் ஒருமுறை பார்க்கலாமா என்று சிரித்த முகத்தோடு கேட்டிருக்கிறார். "ஷ்யூர் சார்" என்று இவரே டிக்கியையும் திறந்துவிட்டார். டாஷ்போர்டில், அம்மா கொடுத்தனுப்பிய திருநீறு சிறு பிளாஸ்டிக் உறையில் இருந்தது. அது இன்னதென்று விளக்கி முடிக்க முக்கால் மணி நேரம் சாலையோரம் நிற்க வேண்டியிருந்தது. அவருக்கு அதோடு போயிற்று. அறைத்தோழர் விட்டுச்சென்ற பையில் போதை மாத்திரை அகப்பட்ட இன்னொருவருக்கு அப்படிப் போகவில்லை.

வீட்டைச் சோதிக்கப் பொதுவாக நீதிமன்ற வாரண்ட் வேண்டும். ஓடும் வண்டிக்கு அது கட்டாயமில்லை. மதுவிலக்குக் காலத்தில், மிச்சிகன் சாலையொன்றில் ஓல்ட்ஸ்மொபைல் காரின் இருக்கையைக் கிழித்து 68 மதுப் புட்டிகளை அதிகாரிகள் எடுத்தனர். கேரல் வழக்கு என்று அறியப்படும் அதில், வாரண்ட் வாங்கி வருவதற்குள் வண்டி எல்லை தாண்டிவிடும் என்று சொல்லி, 1925-இல் உச்ச நீதிமன்றம் இந்த விலக்கை அளித்தது. ஆனால் குற்றப்பொருள் உள்ளே இருக்கிறது என்று நம்புவதற்குத் தக்க முகாந்திரம் வேண்டும் என்ற நிபந்தனையை அது தளர்த்தவில்லை. ஓட்டுநர் பதற்றமாக இருந்தார் என்பது மட்டும் முகாந்திரம் ஆகாது.

கஞ்சா வாசனை முகாந்திரமா என்பதில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறுபடுகிறது. இல்லினாய் உச்ச நீதிமன்றம் 2024-இல், புகைத்த கஞ்சாவின் வாசனை மட்டும் போதாது என்றது; அதே ஆண்டின் முடிவில், புகைக்காத கஞ்சாவின் வாசனை போதும் என்றது. காவலரின் மூக்கைக் குறுக்கு விசாரணை செய்வது எவ்வளவு கடினம் என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

நீங்கள் மனமுவந்து அனுமதித்துவிட்டால் முகாந்திரம் என்ற கேள்வியே எழாது. மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்று காவலர் சொல்ல வேண்டியதில்லை என 1973-இலேயே தீர்ப்பாகிவிட்டது. முகாந்திரம் கையில் இருப்பவர் உங்கள் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதால், அவர் கேட்கிறார் என்றாலே மறுக்க இடமிருக்கிறது என்று கொள்ளலாம். "ஐ டோன்ட் கன்சென்ட் டு எனி சர்ச்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். மறுத்ததையே முகாந்திரமாகக் காட்ட முடியாது. தகுந்த சந்தேகம் இல்லாமல், மோப்ப நாய் வரும்வரை உங்களை நிறுத்திவைப்பதும் 2015 தீர்ப்பின்படி செல்லாது. ஆனால் இறங்கச் சொன்னால் இறங்கிவிட வேண்டும்; மீறிச் சோதித்தாலும் கையால் தடுக்கக் கூடாது. அந்தச் சண்டையைப் பிறகு நீதிமன்றத்தில் நாங்கள் போட்டுக்கொள்கிறோம்.

அறைத்தோழரின் பையால் மாட்டிக்கொண்டவரின் வழக்கில் காவலரின் உடல் கேமராப் பதிவைப் பலமுறை ஓடவிட்டுப் பார்த்தேன். மிரட்டல் இல்லை, அதட்டல் இல்லை. கேட்ட மறுநொடியே "ஷ்யூர்" என்ற குரல் தெளிவாகக் கேட்டது. சோதனை செல்லாது என்று மனுப்போட எனக்கு வழி இருக்கவில்லை.