மாடி கிரில்லுக்கு கேஸ் லைன்: ஆளைக் கூப்பிடும் முன் கேட்க வேண்டியவை

மழை ஓய்ந்து மார்கழி பிறந்ததும் எனக்கு வரும் போன்களில் நிறைய ஒரே ரகம். "சார், மொட்டை மாடியில கிரில் வாங்கி வெச்சாச்சு. கிச்சன் சிலிண்டர்லேருந்து ஒரு லைன் இழுத்துக் குடுக்கணும், எவ்வளவு ஆகும்? எங்க பிளம்பர் அரை நாள்ல முடிச்சிடறேன்னு சொல்றார்." இப்படிக் கேட்பவர்கள் எல்லாரும் விவரம் தெரிந்தவர்கள்தான். ஆனால் ரேட்டைக் கேட்கும் அளவுக்கு, அந்த லைனை எப்படி டெஸ்ட் செய்வீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் அதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கிரில்லின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். எந்த கேஸுக்குச் செய்தது, எத்தனை கிலோவாட் என்று அதில் போட்டிருக்கும். 12 கிலோவாட் என்றால், எல்லா பர்னரையும் முழுசாக எரியவிடும்போது மணிக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ எல்.பி.ஜி. குடிக்கும். வீட்டு அடுப்பை மனதில் வைத்துப் போட்ட ஒல்லி பைப்பை இரண்டு மாடி ஏற்றி, அதன் நுனியில் இதை மாட்டினால் மேலே தீ சோர்ந்து எரியும், கீழே அடுப்பும் அடங்கும். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கிரில் என்றால் இன்னும் கவனம் தேவை. நேச்சுரல் கேஸுக்கான ஜெட் (பர்னருக்குள் கேஸ் பீறிடும் முனை) துளை பெரியது. அதில் எல்.பி.ஜி.யை விட்டால் மஞ்சள் தீ ஆளுயரத்துக்கு எழும்பிப் புகையும். சென்னையில் சில பகுதிகளுக்கு இப்போது பைப் கேஸ் வந்திருக்கிறது. அந்த இணைப்பு உள்ளவர்கள் வெளியாள் யாரையும் அந்த லைனில் கை வைக்க விடாதீர்கள், கேஸ் கம்பெனி அனுப்பும் ஆள்தான் தொட வேண்டும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன், என் வருமானம் போனாலும் பரவாயில்லை. மாதம் ஒரு தடவை, இரண்டு பர்னர் கிரில்லில் கொஞ்சம் பனீரும் சிக்கனும் வாட்டுகிற வீட்டுக்கு லைனே வேண்டாம். ஏஜென்சியில் 5 கிலோ சிலிண்டர் கிடைக்கிறது. முறையான ரெகுலேட்டர், ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஆரஞ்சு ஹோஸ் ஒன்றரை மீட்டருக்குள், அவ்வளவு போதும். வேலை முடிந்ததும் கழற்றிக் கீழே கொண்டுபோய்விடலாம். வாராவாரம் சமைப்பவர்கள், பெரிய கிரில்லைச் சுவரோடு கட்டிவிட்டவர்கள், இவர்களுக்குத்தான் நிரந்தர லைன்.

சரி, லைன்தான் வேண்டும் என்று முடிவாகிவிட்டது. ஆளை வரச்சொல்லுங்கள். வந்தவர் மாடியில் முதலில் எதைப் பார்க்கிறார் என்று கவனியுங்கள். நல்ல மெக்கானிக் மழைநீர் இறங்கும் குழாயின் வாயைத் தேடுவார். காரணம், எல்.பி.ஜி. காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். கசிந்தால் மேலே போகாது, தரையோடு தவழும். நம் மாடிகளில் நாலு பக்கமும் கைப்பிடிச் சுவர். காற்றில்லாத இரவில் கசிந்த கேஸுக்கு வெளியேற இருக்கும் வழி அந்த ஓட்டைதான். 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமான பிறகு பல வீடுகளில் அந்தக் குழாய் நேராகச் சம்புக்கோ கிணற்றுக்கோ போகிறது. அதன் பக்கத்திலேயே மோட்டாரும் சுவிட்சும் இருக்கும். அதனால் சிலிண்டரோ ஜாயின்ட்டோ அந்த வாய்க்கு அருகில் வரவே கூடாது. இதைப் பார்க்காமலேயே டேப்பை எடுத்து அளக்க ஆரம்பிப்பவரிடம் நான் வேலையைக் கொடுக்க மாட்டேன்.

அப்புறம் நம் ஊர் உப்புக்காற்று. நீலாங்கரைப் பக்கம் ஒரு வீட்டில் லேசாக வாடை வருகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். காப்பர் பைப் நல்ல தரம், உலோகத்தை உருக்கி ஜாயின்ட் ஒட்டும் பிரேசிங்கும் சுத்தம். ஆனால் லைன் போட்டவர் சாதாரண இரும்பு கிளாம்ப்பை நேரடியாகக் காப்பர் மேல் அடித்துவிட்டுப் போயிருக்கிறார். செம்பும் இரும்பும் உப்பு ஈரத்தில் ஒட்டிக்கிடந்தால் இரும்பு சீக்கிரம் அரித்துப்போகும். விரலால் தொட்டதும் கிளாம்ப் பொடியாக உதிர்ந்தது. பிடிமானம் போன பைப் காற்றில் ஆடி ஆடி, எல்போ (வளைவு ஜாயின்ட்) ஓரத்தில் முடி போல ஒரு விரிசல். பித்தளை கிளாம்ப், உள்ளே ஒரு ரப்பர் பட்டை, இவ்வளவுதான் செலவு.

பைப் நுனியைப் புனல் போல விரித்து நட்டால் இறுக்கும் ஃப்ளேர் ஜாயின்ட்டில் வெள்ளை டேப் சுற்றியிருந்தாலும் நிறுத்தச் சொல்லுங்கள், அங்கே செம்பும் பித்தளையும் நேராக உட்கார்ந்துதான் அடைக்க வேண்டும். சுவருக்குள் ஜாயின்ட் வரக் கூடாது. கரண்ட் வயரோடு ஒரே காடியில் கேஸ் பைப் போகக் கூடாது. சிலிண்டர் பக்கம் ஒரு பால் வால்வு (கைப்பிடியைத் திருப்பி கேஸை நிறுத்தும் வால்வு), கிரில் பக்கம் ஒன்று.

இனி டெஸ்ட். சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழ் வருகிறதா என்று பார்ப்பது அவசியம், ஆனால் அது மட்டும் போதாது. வெளிப்படையான டியூபை ‘யு’ மாதிரி வளைத்துப் பாதிவரை தண்ணீர் ஊற்றி ஒரு முனையை லைனில் மாட்டுவோம். லைனுக்குள் காற்றை ஏற்றினால் தண்ணீர் ஒரு பக்கம் தாழ்ந்து மறுபக்கம் ஏறும். வீட்டு ரெகுலேட்டர் தரும் அழுத்தம் 30 மில்லிபார், அதாவது ஏறக்குறைய 30 செ.மீ. உயர வித்தியாசம். நான் 45 வரை ஏற்றி, ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டு, கால் மணி நேரம் வீட்டுக்காரரையே பக்கத்தில் நிற்கச் சொல்வேன். இதைப் பகல் வெயிலில் செய்யக் கூடாது. பைப்புக்குள் இருக்கும் காற்று ஒரு டிகிரி சூடானாலே தண்ணீர் மூன்று செ.மீ.க்கு மேல் நகர்ந்துவிடும், கசிவு இருந்தாலும் அந்தச் சூடு மறைத்துவிடும். விடியற்காலை அல்லது நன்றாக இருட்டிய பிறகுதான் சரி. பிரேசிங்குக்குக் கொண்டுவந்த ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்தே ஏற்றிப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் அந்த நிமிடமே வேலையை நிறுத்துங்கள். தீக்குச்சி கிழித்துப் பார்ப்பவருக்கும் அதேதான்.

கிரில்லோடு சேரும் ஹோஸுக்கு ஐந்து வருஷம் என்பது கிச்சன் கணக்கு. மாடி வெயிலும் எலியும் அவ்வளவு காலம் விட்டுவைக்காது. வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் வளைத்துப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.

எப்போதாவது வாடை வந்தால் சிலிண்டர் வால்வை மூடுங்கள், எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். அந்த இடத்தை விட்டுத் தள்ளி வந்து 1906க்கு போன் செய்யுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். ஃப்ளாட் என்றால், சம்ப் மோட்டாரைத் தொட வேண்டாம் என்று வாட்ச்மேனிடம் ஓர் ஆளை அனுப்பிச் சொல்லிவிடுங்கள்.