உஸ்னியா: காயத் தெரிந்த லைக்கன்

பூஞ்சையும் பாசியும் ஒன்றாகச் சேர்ந்து வாழும் உடலே லைக்கன். மரக்கிளைகளில் வெளிர்பச்சைக் கொத்தாகத் தொங்கும் லைக்கன் உஸ்னியாதானா என்று அறிய ஒரு சோதனை உண்டு. லைக்கனின் சின்னக் கிளை ஒன்றை நன்றாக நனைத்து, இரு முனைகளையும் பிடித்து மெல்ல இழுங்கள். வெளித்தோல் துண்டு துண்டாக விண்டுபோகும். உள்ளே வெள்ளை நரம்பு ஒன்று அறுந்துவிடாமல் நீண்டு கொடுக்கும். காய்ந்திருக்கும்போது இழுத்தால் எல்லாமே நொறுங்கிவிடும், சோதனை பயன்படாது. இதே இடங்களில் வளரும் ராமலினா என்ற வேறொரு லைக்கனுக்குக் கிளைகள் தட்டையானவை, நரம்பு கிடையாது.

அந்த நரம்பும், அதைச் சுற்றிய தளர்ந்த இழைகளும், மேல்தோலும் பூஞ்சை. தோலுக்கு அடியில் மெல்லிய அடுக்காக டிரெபூக்சியா என்ற ஒற்றைச்செல் பச்சைப்பாசி. பாசி தயாரிக்கும் ரிபிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹால்தான் பூஞ்சைக்கு உணவு. லைக்கன் இரண்டு உயிர்களின் கூட்டு என்று 1860களில் சொன்ன சுவிஸ் தாவரவியலாளர் சைமன் ஷ்வெண்டனர், பூஞ்சையை எஜமான் என்றும் பாசியை அடிமை என்றும் வர்ணித்தார். கொஞ்சம் கடுமையான வர்ணனைதான். ஆனால் கணக்குப் பார்த்தால் லாபம் அதிகம் பூஞ்சைக்கே.

உஸ்னியாவுக்கு வேர் இல்லை, நீரைத் தடுத்து நிறுத்தும் மெழுகுத்தோலும் இல்லை. காற்று உலர்ந்தால் அதுவும் உலரும். உடலின் நீர் உலர்எடையில் 10–15 சதவீதத்துக்கும் கீழே இறங்கி, ஒளிச்சேர்க்கை நின்றுபோகும். சாவதில்லை. பச்சைப்பாசி உள்ள லைக்கன்களுக்கு மழைகூட வேண்டாம், ஈரக்காற்றே போதும், மறுபடி வேலை தொடங்கும். மெல்லிய கிளைகளாகப் பிரிந்த புதர் உடலில் எடைக்கேற்ற பரப்பு மிக அதிகம் என்பதால் பனிமூட்டத்தை வேகமாகப் பிடிக்கிறது, அதே வேகத்தில் காய்கிறது.

அந்தக் காய்தல் அவசியம். நீர் தேங்கினால் கார்பன் டை ஆக்சைடு உள்ளே புகுவது தடைப்படும். வெளிச்சமில்லாமல் நாள்கணக்கில் நனைந்தே கிடந்தால், சுவாசத்தில் செலவாகும் சர்க்கரையை ஒளிச்சேர்க்கையால் ஈடுகட்ட முடியாது. அடர்காட்டின் இருண்ட கீழ்த்தளத்தை விட்டு, பனி தவழும் மலைச்சரிவிலும் கடலோரக் காட்டிலும் வெளிச்சம் விழும் மேல்கிளைகளை உஸ்னியா பிடித்துக்கொள்வது இதனால்தான். பட்டுப்போகும் மரங்களில் அது அதிகம் தெரிவதற்கும் இலை உதிர்ந்து வெளிச்சம் கூடியதே காரணம். மரத்தைக் கொன்றது லைக்கன் என்பது வீண்பழி. பட்டையின் மேற்பரப்பைப் பற்றிக்கொள்வதோடு சரி.

உடல் முழுதாலும் உறிஞ்சும் பழக்கத்துக்கு விலையும் உண்டு. கந்தக டை ஆக்சைடு ஈரத்தில் கரைந்து பைசல்ஃபைட்டாகிப் பாசியின் பச்சையத்தைச் சிதைக்கிறது. காய்ந்த லைக்கன் ஓரளவு தப்பிக்கும், நனைந்தது தப்பாது. காற்று கெட்டால் புதர் வடிவங்கள் பொதுவாக முதலில் மறைகின்றன, பட்டையோடு ஒட்டிய மேலோட்டு வடிவங்கள் மிஞ்சுகின்றன.

பரவுவதற்குச் சுலபமான வழி, இழைகள் சுற்றிய பாசிப்பொடியான சொரிடியாவும் காற்றில் முறியும் துண்டுகளும். கிளைகளில் தோன்றும் வட்டு வடிவ உறுப்புகளில் உருவாகும் வித்துகளில் பூஞ்சை மட்டுமே இருப்பதால், விழுந்த இடத்தில் பொருத்தமான பாசி கிடைத்தாக வேண்டும்.

வளர்ச்சி பொதுவாக ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் என்பதால் மாதிரிக்கு மரத்திலிருந்து பிய்க்காமல், உதிர்ந்து கிடக்கும் கிளைகளில் தேடுங்கள். காகித உறையில் போட்டு நிழலில் உலர்த்துங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரத்தோடு மூடினால் பூசணம் பிடித்துவிடும்.