அடித்தளம் அசையக் கூடாது: நிரலாளர் லினக்ஸ் தேர்ந்தெடுக்கும்போது

எந்த லினக்ஸைப் போடுவது என்று தேடும் நிரலாளர்களில் பலர், முகப்புத் திரையின் படங்களைப் பார்த்தே முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். ஐகான்களின் அழகு சில நாளில் கண்ணுக்குப் பழகிவிடும். முதலில் பார்க்க வேண்டியது ஒரு தேதியை: போடப்போகும் பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் எதுவரை வரும்?

உபுண்டுவின் எல்.டி.எஸ். (நீண்டகால ஆதரவுப்) பதிப்பு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் வரும். 5 ஆண்டு ஆதரவு உண்டு. இடையில் வரும் பதிப்புகளுக்கு 9 மாதம்தான். (எல்.டி.எஸ்.ஸிலும் அந்த 5 ஆண்டு, உபுண்டுவே பராமரிக்கும் 'மெயின்' களஞ்சியத்துக்குத்தான். சமூகம் பராமரிக்கும் 'யுனிவர்ஸ்' பேக்கேஜ்களுக்கும் அதே உறுதி வேண்டுமானால் உபுண்டு புரோவில் பதிவு செய்ய வேண்டும். தனிநபருக்கு 5 கணினி வரை இலவசம்.) டெபியனின் நிலையான பதிப்பு ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒன்று: 3 ஆண்டு முழு ஆதரவு, பிறகு 2 ஆண்டு நீண்டகால ஆதரவு. லினக்ஸ் மின்டின் முதன்மைப் பதிப்பு உபுண்டு எல்.டி.எஸ்.ஸின் மேல் நிற்பதால் அதே கணக்கு. ஃபெடோரா 6 மாதத்துக்கு ஒன்று வரும், ஒவ்வொன்றுக்கும் சுமார் 13 மாதம். ஆர்ச்சில் பதிப்பு என்பதே இல்லை, தினமும் நகர்ந்துகொண்டே இருக்கும்.

தேதியை அறிவிப்பவர் யார் என்பதும் முக்கியம். ரெட் ஹாட் நிறுவனத்தின் ஆதரவில் வந்த இலவச சர்வர் லினக்ஸான சென்ட்ஓஎஸ் 8-க்கு 2029 வரை ஆதரவு என்று நம்பிச் சர்வர்களை ஏற்றியவர்களுக்கு, அது 2021 டிசம்பர் 31-உடன் முடியும் என்ற அறிவிப்பு 2020 டிசம்பரில் வந்தது. கையில் இருந்தது ஓராண்டு அவகாசம்.

நிரலாளர்கள் வழக்கமாகச் சொல்லும் மறுப்பு ஒன்று உண்டு: "எனக்குப் புதிய பைத்தான், புதிய நோட் வேண்டும். டெபியனில் எல்லாம் பழசு." புதிய கருவி தேவைதான். அதற்காக இயங்குதளமே புதிதாக இருக்க வேண்டியதில்லை. ஏ.பி.டி. (டெபியன், உபுண்டுவின் பேக்கேஜ் நிறுவி) மூலம் வரும் பைத்தான் இயங்குதளத்தின் சொந்த வேலைக்கு. அதன் மேல் கை வைக்கக் கூடாது. உங்கள் பைத்தான், நோட், ரஸ்ட், ஜாவா எல்லாம் உங்கள் ஹோம் கோப்பகத்துக்குள் தனியாக இருக்கட்டும். ரஸ்டுக்கு ரஸ்ட்அப், நோடுக்கு என்.வி.எம்., ஜாவாவுக்கு எஸ்.டி.கே.மேன் என்று இதற்கென்றே கருவிகள் இருக்கின்றன. ஒன்று கெட்டால் அந்த ஒரு கோப்பகத்தை அழித்துவிட்டு மறுபடி போட்டுக்கொள்ளலாம், கணினி அசையாது.

இந்த எல்லையை மீறும்போதுதான் பெரும்பாலான சிக்கல்கள் தொடங்குகின்றன. டெபியன் 12, உபுண்டு 23.04 முதல், பைத்தானின் நிறுவியான பிப் கொண்டு நேரடியாக ஒரு நூலகத்தைப் போட முயன்றால் "இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது" என்ற பிழை வரும். இணையத்தில் தேடினால் அதைத் தாண்டிப்போக ஒரு விருப்பக்கொடியைச் சேர்க்கச் சொல்வார்கள். அந்தக் கொடியின் பெயரே 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்'. இதைவிட வெளிப்படையாக எச்சரிக்க முடியாது, இருந்தும் ஒட்டிவிட்டுப் போகிறார்கள். முறையான வழி, ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு மெய்நிகர் சூழல் (அதன் நூலகங்கள் மட்டும் தனியாக இருக்கும் கோப்பகம்). கட்டளையாக இயக்கும் கருவிகளுக்குப் பிப்எக்ஸ். டெபியன் வகையறாவில் மெய்நிகர் சூழலுக்கான 'பைத்தான்3-வென்வ்' தனிப் பேக்கேஜ். அது இல்லாவிட்டால் சூழலை உருவாக்குவதே பாதியில் நிற்கும்.

நோடின் பேக்கேஜ் நிறுவியான என்.பி.எம்.மைச் சூடோவுடன் (நிர்வாகி அதிகாரத்தில்) ஓட்டுவதும் இதே ரகம்தான். ஹோம் கோப்பகத்தில் ரூட்டுக்கு (நிர்வாகிக்கு) சொந்தமான கோப்புகள் உருவாகிவிடலாம். அப்புறம் சாதாரணமாக ஓட்டும்போது 'அனுமதி இல்லை' என்று வரும். அதைச் சரிசெய்ய மறுபடி சூடோ, மறுபடி ரூட் கோப்புகள்.

தரவுத்தளத்தில் இன்னும் கவனம் வேண்டும். டெபியன் 12-இல் போஸ்ட்கிரெஸ் 15, டெபியன் 13-இல் 17. ஒரு முதன்மைப் பதிப்பின் தரவுக் கோப்பகத்தை அடுத்தது அப்படியே படிக்காது. மாற்றும் படியை நீங்கள்தான் ஓட்ட வேண்டும். டாக்கரில் (நிரலைத் தனிக் கன்டெய்னருக்குள் ஓட்டும் கருவி) வைத்திருப்பவர்கள் 'லேட்டஸ்ட்' என்று எழுதாமல் எண்ணைக் குறிப்பிட்டு எழுத வேண்டும். இல்லையென்றால் ஒருநாள் இமேஜ் மாறும், கன்டெய்னர் எழ மறுக்கும்.

பழைய அடித்தளத்துக்கு இன்னொரு நியாயமும் உண்டு. எக்ஸ்.இசட். என்ற சுருக்க நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒளித்துவைக்கப்பட்ட பின்கதவு 2024 மார்ச் 29 அன்று அம்பலமானது. எஸ்.எஸ்.எச். (தொலைக்கணினி) உள்நுழைவு ஏறக்குறைய அரை நொடி தாமதமாவதைக் கவனித்து நிரலாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் அதைக் கண்டுபிடித்தார். அந்தப் பதிப்புகள் டெபியனின் சோதனைக் கிளைகள், ஃபெடோரா ராஹைட், ஓபன்சூசே டம்பிள்வீட் போன்ற நகர்ந்துகொண்டே இருக்கும் கிளைகளுக்குள் புகுந்திருந்தன. டெபியனின் நிலையான பதிப்பை எட்டவில்லை. புதியது வந்த அன்றே வாங்கிக்கொள்பவர், சோதனையில் தானும் ஒரு பங்கு என்பதை ஒப்புக்கொண்டே வாங்க வேண்டும்.

பழசு உதைக்கும் ஒரே இடம் புதிய வன்பொருள். லேப்டாப்புக்கு முன்பே வெளிவந்த கர்னலுக்கு (லினக்ஸின் மையப் பகுதி) அதன் வைஃபை சிப்பும் கிராஃபிக்ஸும் தெரியாமல் போகலாம். அதனால் பென்டிரைவிலிருந்து லைவ் முறையில் பூட் செய்து, நிறுவுவதற்கு முன்பே சோதியுங்கள்: வைஃபை, புளூடூத், மைக், கேமரா, வெளி மானிட்டர். கடைசியாக மூடியை மூடி உறங்கவிட்டு எழுப்புங்கள். பலர் தவிர்ப்பதும், பிறகு அதிகம் வருந்துவதும் இந்தக் கடைசிச் சோதனைக்குத்தான். தேறாவிட்டால் உபுண்டுவின் எச்.டபிள்யூ.இ. கர்னல், டெபியனின் பேக்போர்ட்ஸ் கர்னல் ஆகிய புதிய கர்னல்களை முயலலாம். அதுவும் போதவில்லை என்றால் ஃபெடோரா. ஆண்டுக்கு ஒருமுறை பதிப்பு ஏற்றும் வேலையை ஏற்றுக்கொள்ளத் தயார் என்றால் அது நல்ல தேர்வுதான்.

என்விடியா கிராஃபிக்ஸ் இருந்தால் டிரைவரை உங்கள் லினக்ஸ் வழங்கலின் களஞ்சியத்திலிருந்தே போடுங்கள். நிறுவனத் தளத்தில் கிடைக்கும் நிறுவு கோப்பைக் கையால் ஓட்டினால், அடுத்த கர்னல் வந்ததும் கறுப்புத் திரையில் போய் நிற்க நேரலாம். செக்யூர் பூட் (கையொப்பமுள்ள நிரலை மட்டும் ஏற்றும் அமைப்பு) இயங்கும் கணினியில் டிரைவர் போடும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். மறுதொடக்கத்தில் நீலத் திரை வந்து சாவியைப் பதியச் சொல்லும். அதைக் கவனிக்காமல் தாண்டிவிட்டால் டிரைவர் ஏறாது, காரணமும் திரையில் தெரியாது.

நினைவகம் பற்றி ஒரே வார்த்தை: 'லைட்' லினக்ஸ் போட்டால் 4 ஜிபி கணினி பறக்கும் என்பது ஆசை. க்னோமுக்கும் எக்ஸ்.எஃப்.சி.இ.க்கும் உள்ள வித்தியாசம் சில நூறு எம்பி. உலாவியும் எடிட்டரின் மொழிச் சர்வரும் சேர்ந்து அதைப் பலமடங்கு விழுங்கிவிடும். காசை ரேமில் போடுங்கள்.

நிறுவும் நாளில் செய்ய வேண்டியவை. ஐ.எஸ்.ஓ. (நிறுவல்) கோப்பின் ஷா256 எண்ணையும் (கோப்பின் கைரேகை போன்றது) கையொப்பத்தையும் சரிபாருங்கள். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்டின் தளத்துக்குள் நுழைந்தவர்கள் தரவிறக்கச் சுட்டியையே பின்கதவு வைத்த ஐ.எஸ்.ஓ.வுக்குத் திருப்பிவிட்டார்கள். தளத்தில் எழுதியிருக்கும் எண்ணை மட்டும் நம்பினால், தளத்தையே கைப்பற்றியவர் எண்ணையும் மாற்றலாம், அதனால்தான் கையொப்பம். விண்டோஸும் பக்கத்தில் இருக்க வேண்டுமென்றால், பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் குறியாக்கம்) மீட்புச் சாவியை முதலில் வேறொரு இடத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பூட் அமைப்பு மாறியதும் விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் லினக்ஸில் விண்டோஸ் டிரைவ் படிக்க மட்டுமே திறக்கும். நிறுவியில் எஸ்.எஸ்.டி.யே தெரியவில்லை என்றால் பயாஸில் இன்டெல் ஆர்.எஸ்.டி. (டிஸ்க்கைக் கையாளும் ஒரு முறை) இயங்குகிறதா என்று பாருங்கள். ரூட் பார்ட்டிஷனை 30 ஜிபியாகச் சுருக்கிவிட்டு மிச்சத்தை ஹோமுக்குக் கொடுக்கும் பழைய பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்: டாக்கர் இமேஜ்கள் ரூட் பக்கத்தில்தான் சேரும், சில மாதத்தில் இடம் தீர்ந்துவிடும்.

டாக்கரைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்ல வேண்டும். ஒரு பயனரை டாக்கர் குழுவில் சேர்ப்பது, அவருக்கு ரூட் அதிகாரம் கொடுப்பதற்குச் சமம். அது வேண்டாம் என்றால் ரூட் இல்லாமல் இயங்கும் பாட்மேன் இருக்கிறது.

பிழைச்செய்தியே குழப்பும் ஒரு சிக்கல்: கோப்புகளைக் கண்காணிக்கும் கருவி "டிஸ்கில் இடமில்லை" என்று சொல்லும், பார்த்தால் பாதி டிஸ்க் காலியாக இருக்கும். தீர்ந்தது டிஸ்க் அல்ல, எத்தனை கோப்புகளைக் கண்காணிக்கலாம் என்று கர்னல் வைத்திருக்கும் ஐநோடிஃபை வரம்பு. பழைய கர்னல்களில் அது வெறும் 8192. கர்னல் அமைப்பில் 524288 ஆக உயர்த்தினால் சரியாகிவிடும். எடிட்டரை ஃபிளாட்பேக்காக (தனிப்பெட்டிக்குள் இயங்கும் பேக்கேஜாக) போட்டவர்களுக்கு வேறு குழப்பம்: எடிட்டருக்குள் திறக்கும் டெர்மினலுக்கு வெளியே இருக்கும் கம்பைலர் தெரியாது. எடிட்டரை மட்டுமாவது டெப் அல்லது ஆர்.பி.எம். பேக்கேஜாகப் போடுங்கள்.

சர்வர் எது என்பதையும் மனத்தில் வையுங்கள். உபுண்டு 24.04-இல் தொகுத்த நிரல், 22.04 சர்வரில், அடிப்படைச் சி நூலகமான 'ஜிலிப்சி 2.38 இல்லை' என்று முரண்டு பிடிக்கக்கூடும். புதியதில் தொகுத்துப் பழையதில் ஓட்டும் வழி நம்பத்தக்கதல்ல. சர்வரின் பதிப்பையே கன்டெய்னரில் வைத்து அதற்குள் தொகுங்கள்.

சின்னதாக இருப்பதாலேயே ஆல்பைன் லினக்ஸை மேசைக் கணினியில் போட்டுக்கொள்ள வேண்டாம். அதன் சி நூலகம் மஸ்ல். ஜிலிப்சிக்காகத் தொகுத்து வரும் பைனரிகள் பல ஓடாது. லினக்ஸ் அல்லாத தனி இயங்குதளமான ஓபன்பிஎஸ்டியின் உட்கட்டமைப்பு ஒருவர் முழுதாகப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடியது, கையேடுகள் அருமையானவை. ஆனால் டாக்கர் கிடையாது, புளூடூத் ஆதரவை 2014-இலேயே எடுத்துவிட்டார்கள். இரண்டாவது கணினி இருந்தால் அதில் போட்டுப் படியுங்கள். ஆர்ச் போடுபவர்கள் ஒரு பேக்கேஜை மட்டும் தனியாகப் புதுப்பிக்கக் கூடாது. முழுக் கணினியையும் சேர்த்தே ஏற்ற வேண்டும்.

மற்றவர்கள் டெபியன் நிலையான பதிப்பையோ மின்டையோ போட்டுக்கொண்டு வேலையைப் பார்க்கலாம். உபுண்டு எல்.டி.எஸ். வைத்திருப்பவர்கள் அடுத்த எல்.டி.எஸ். வந்த அன்றே ஏறத் துடிக்க வேண்டாம். முதல் திருத்தப் பதிப்பு வந்த பிறகே மேம்படுத்தும் அழைப்பு வரும். ஏறுவதற்கு முன் இடையில் சேர்த்த பி.பி.ஏ.க்களையும் (தனியாட்களின் களஞ்சியங்கள்) வெளிக் களஞ்சியங்களையும் நிறுத்திவையுங்கள், அவை போட்ட பேக்கேஜ்களைக் குறித்துவையுங்கள். மேம்படுத்தல் பாதியில் முறிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அவற்றைத்தான்.