பங்குச் சந்தையின் ஆழம்: இலங்கையையும் இந்தியாவையும் ஒப்பிடுவது எப்படி?

யாழ்ப்பாணத்தில் ஓர் ஒழுங்கையில் 100 பரப்புக் காணி இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். போன மாதம் ஒரு பரப்பு 15 இலட்சம் ரூபாவுக்கு விலைப்பட்டது. உடனே முழு ஒழுங்கையும் 15 கோடி பெறும் என்று கணக்குப் போடலாம். ஆனால் 85 பரப்பின் உறுதி கனடாவிலும் லண்டனிலும் இருப்பவர்களின் பெயரில். அவர்கள் விற்கப்போவதில்லை. மிச்சத்தில் பத்துப் பரப்பு ஒரே கிழமையில் விலைக்கு வந்தால் அந்த 15 இலட்சம் நிற்குமா?

பங்குகளின் ‘சந்தைப் பெறுமதி’யும் இதே கணக்குத்தான்: கடைசியாகக் கைமாறிய விலையை மொத்தப் பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்குவது. அதை மொத்த உள்நாட்டு உற்பத்தியால் வகுத்து, விகிதம் கூடிய நாடே வளர்ந்தது என்று பலர் முடித்துவிடுகிறார்கள். அது போதாது; சந்தையின் ஆழம், அதாவது விலை சரியாமல் எவ்வளவு பங்கு கைமாறலாம் என்பது, அதில் தெரியாது. கொழும்பில் பட்டியலிட்ட பல கம்பனிகளின் பெரும்பகுதிப் பங்குகள் தாய்க் கம்பனியிடமோ ஒரு குடும்பத்திடமோ அசையாமல் கிடக்கின்றன. ஆகவே புரள்வு விகிதத்தையும் பாருங்கள்: ஓராண்டில் கைமாறிய பங்குகளின் பெறுமதியை, அந்த ஆண்டின் சராசரிச் சந்தைப் பெறுமதியால் வகுக்க வேண்டும். எங்கள் ஒழுங்கையில் ஆண்டுக்கு மூன்று பரப்பு அதே விலைக்குப் போனால் அது 3 சதவீதம்.

சந்தை விலைகளின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் சுட்டெண்களின் புள்ளிகளை அருகருகே வைப்பது வீண்வேலை; அவை 100 புள்ளியிலிருந்து எண்ணத் தொடங்கிய ஆண்டே வேறு. மும்பையின் சென்செக்ஸ் 30 கம்பனிகளைக் கொண்டது, 1978-79 இல் 100. கொழும்பின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 1985 இல் 100.

ஆளைக் கவிழ்க்கும் பிழை நாணயத்தில் இருக்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு அமெரிக்க டொலர் ஏறத்தாழ 200 இலங்கை ரூபா, மே நடுப்பகுதியில் 360 ரூபா. இந்த இடைவெளியில் ஒரு பங்கு 100 ரூபாவிலிருந்து 150 ரூபாவுக்கு ஏறியதாகக் கொள்ளுங்கள். 100ஐ 200ஆல் வகுத்தால் 50 அமெரிக்கச் சதம், 150ஐ 360ஆல் வகுத்தால் ஏறத்தாழ 42 அமெரிக்கச் சதம். ரூபாவில் 50 சதவீத இலாபம், டொலரில் ஏறக்குறைய 17 சதவீத நட்டம்! அதே ஆண்டு ஏப்ரலில் கொழும்புச் சந்தை 18ஆம் திகதி முதல் ஐந்து நாள் மூடிக்கிடந்தது. அந்த நாள்களுக்குப் பழைய விலையையே நிரப்பினால், நெருக்கடியின் நடுவே சந்தை அமைதியாக இருந்ததுபோல வரைபடம் காட்டும்.

கட்டமைப்பில் சின்ன நாடு எப்போதும் பின்தங்கியிருக்கவில்லை. பங்குகளை மின்பதிவாக வைக்கும் மத்திய வைப்பகம் கொழும்பில் 1991 இலேயே வந்துவிட்டது. இந்தியாவில் 1996 வரை கடதாசிச் சான்றிதழ்தான். கையொப்பம் பொருந்தாமல் திரும்பி வந்தவையும் போலிகளும் அங்கே பெருந்தலையிடி. கணினி வர்த்தகத்தில் இந்தியா முந்தியது: தேசியப் பங்குச் சந்தை 1994, கொழும்பு 1997. விற்ற காசு கைக்கு வர இலங்கையில் 2021 முதல் இரண்டு வேலைநாள்; இந்தியாவில் 2023 ஜனவரியிலிருந்து எல்லாப் பங்குகளுக்கும் ஒரே வேலைநாள். நீண்டகால வரைபடம் வரைபவர்கள் இந்த ஆண்டுகளில் நிலைக்குத்தாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோட்டுக்குப் பக்கத்தில் புரள்வு விகிதம் துள்ளினால், முதலில் சந்தேகிக்க வேண்டியது விதிமாற்றத்தையே.