இறங்கும் லாரி ஈட்டும் மின்சாரம்

பட்டர்வொர்த்திலிருந்து கோலாலம்பூருக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "முழுப் பாரத்தோடு மெனோரா சுரங்கப்பாதை மேட்டில் மின்சார லாரி ஏறுமா, ஐயா?"

ஏறும், சிரமப்படாமலே ஏறும். டீசல் இன்ஜின் ஓரளவு சுழன்ற பிறகுதான் முழு விசையைத் தரும். மின்மோட்டார் நின்ற இடத்திலேயே தந்துவிடும். டீசலில் உள்ள ஆற்றலில் பாதிக்கு மேல் வெப்பமாகவே போய்விடுகிறது. மின்கலத்தில் இருப்பதில் பெரும்பகுதி சக்கரத்தை எட்டுகிறது. இது பலருக்கும் தெரிந்ததுதான். ஏறிய லாரி எப்படி இறங்குகிறது என்பதைத்தான் நான் சொல்ல ஆசைப்படுகிறேன்.

என் தாய்மாமா பிறையிலிருந்து ஈப்போவுக்குச் சரக்கு லாரி ஓட்டியவர். சுரங்கப்பாதையைத் தாண்டி, ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங் நோக்கி இறங்கும் சரிவில் "காத்து கருப்பு" இருக்கிறது என்று உறுதியாக நம்பினார். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்காமல் வண்டியை எடுக்கமாட்டார். அவருடைய அச்சம் உண்மையானது, காரணம்தான் தவறு. 40 டன் லாரி 200 மீட்டர் உயரம் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். அப்போது வெளிப்படும் ஆற்றல் சுமார் 22 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். 250 லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். ஓட்டுநர் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அவ்வளவு சூட்டையும் பிரேக் கட்டைகள்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். அளவுக்கு மீறிச் சூடானால் அவற்றின் பிடி தளர்ந்துவிடும். எலுமிச்சம்பழத்தால் அந்தச் சூட்டை ஒரு பாகைகூடக் குறைக்க முடியாது. பிள்ளைகளுக்கு இதைப் பள்ளியிலேயே சொல்லித்தர வேண்டும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன்.

மின்சார லாரி இந்த ஆற்றலை வீணாக்காமல் திருப்பி எடுத்துக்கொள்கிறது. எப்படி?

மோட்டாரின் நடுவே காந்தம் பதித்த சுழலி. அதைச் சுற்றி அசையாத செம்புக்கம்பிச் சுருள்கள். சுருள்களுக்கு முறைவைத்து மின்சாரம் செலுத்தினால், கண்ணுக்குத் தெரியாத காந்தப்புலம் ஒன்று வட்டமிடத் தொடங்கும். அந்தப் புலம் சுழலியைவிடச் சற்றே முந்திப் போனால், சுழலி அதன் பின்னால் இழுபட்டு ஓடும், லாரி முன்னேறும். சரிவில் ஓட்டுநர் மிதியிலிருந்து காலை எடுத்ததும், கட்டுப்பாட்டுக் கருவி அந்தப் புலத்தைச் சுழலிக்குச் சற்றுப் பின்னால் தள்ளிவிடுகிறது. செய்வது அவ்வளவுதான். இப்போது சுழலிதான் புலத்தை இழுத்துக்கொண்டு ஓட வேண்டும்.

தேரை நினைத்துப் பாருங்கள். முன்னால் நின்று வடம் பிடித்தால் தேர் நகரும். சரிவில் அதே வடத்தைப் பின்னால் கட்டி இழுத்துப் பிடித்தால் தேர் அடங்கி இறங்கும். பிரேக் கட்டை என்பது சக்கரத்தடியில் செருகும் முட்டுக்கட்டை. உரசும், தேயும், புகையும். காந்த வடம் எதையும் தொடுவதில்லை, தேய்வதும் இல்லை. அது இழுத்துப் பிடிக்கப் பிடிக்கச் சுருள்களில் மின்சாரம் பிறந்து மின்கலத்துக்குள் பாய்கிறது. 1831-இல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இது. காற்றும் சாலை உராய்வும் எடுத்துக்கொண்டது போக, நம் 22 யூனிட்டில் பாதியளவாவது திரும்பி வரும்.

சுவிட்சர்லாந்தின் பியேல் நகருக்கு அருகே ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில் இதை முழுமையாகப் பயன்படுத்துகிறார்கள். அங்குள்ள மின்சார லாரி மேலே காலியாக ஏறுகிறது. 65 டன் கல்லோடு இறங்குகிறது. இறங்கும்போது ஈட்டுவதே ஏறுவதற்குப் போதுமானதாக இருக்கிறது. நம் பினாங்குக் கொடிமலையில் 1923 முதல் ஓடும் மலை ரயிலும் இந்தக் கணக்கை அறிந்ததுதான்: இறங்கும் பெட்டியின் எடை ஏறும் பெட்டிக்குக் கைகொடுக்கிறது. ஈப்போவைச் சுற்றிலும் சுண்ணாம்புக்கல் குவாரிகள் இருக்கின்றன. ஆராய்ச்சிப் பணத்தை ஆடம்பரக் கார்களுக்குக் கொட்டுவதைவிட, அந்தக் குவாரிச் சரிவுகளை அளக்கப் பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

குறைகளையும் மறைக்கக்கூடாது. ஒரு கிலோ டீசலில் ஏறத்தாழ 12 யூனிட் ஆற்றல் இருக்கிறது. ஒரு கிலோ மின்கலத்தில் கால் யூனிட்கூட இல்லை. வால்வோவின் எஃப்எச் எலெக்ட்ரிக் லாரி 540 யூனிட் மின்கலத்தைச் சுமந்து சுமார் 300 கிலோமீட்டர் போகிறது. கோலாலம்பூர் ஏறத்தாழ 350 கிலோமீட்டர். வழியில் ஒருமுறை நின்றாக வேண்டும். மின்கலத்தின் எடை மட்டும் ஏறக்குறைய 3 டன் இருக்கும்; சட்டம் அனுமதிக்கும் மொத்த எடை மாறாவிட்டால், சரக்கைத்தான் குறைக்க வேண்டும். விலையும் டீசல் லாரியைவிட மிக அதிகம். போதாக்குறைக்கு, நம் நாட்டு மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியிலும் எரிவாயுவிலும் பிறக்கிறது.

டீசல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் லாரி நடுவழி. வீட்டுக்கு வீடு நின்று புறப்படும் குப்பை லாரிக்கு அது மிகவும் ஏற்றது. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் கொஞ்சம் மின்சாரம் சேரும். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓடினால் பலன் குறைவு. நீண்ட சரிவில் அதன் சிறிய மின்கலம் பாதி வழியிலேயே நிரம்பிவிடும். நிரம்பிய மின்கலம் மின்சாரத்தை ஏற்காது. அதன்பின் காந்த வடத்தைப் பிடிக்க ஆளில்லை. இன்ஜின் பிரேக்கும் பழைய முட்டுக்கட்டையும்தான் துணை.

முழு மின்சார லாரிக்கும் இதே ஆபத்து உண்டு. அதனால் வாசகருக்கு ஒன்று சொல்வேன்: உங்கள் முதலாளி நாளை மின்சார லாரி வாங்கினால், மேட்டின் உச்சியில் முழுதாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்காதீர்கள். மேட்டுக்கு முன்னாலுள்ள கோலக்கங்சாரில் ஏற்றிக்கொண்டு மேடேறுங்கள். உச்சியை அடையும்போது மின்கலத்தில் இடம் காலியாகியிருக்கும். ஜெலாப்பாங் சரிவு அதில் ஒரு பகுதியை நிரப்பித் தரும்.